காய்ந்த தொட்டியில் குதித்தவள்

மீன்கொத்தி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நகராட்சி நீச்சல் குளத்தில் காவலுக்கு இருந்தவர் வைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து முதல்முறை குளத்துக்கு அழைத்துப்போன அன்று, மற்றப் பிள்ளைகள் ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருக்க, இவள் யாரையும் கேட்காமல் பக்கத்திலிருந்த டைவிங் தொட்டியின் பலகையில் ஏறித் தலைகீழாகப் பாய்ந்துவிட்டாள். காவல்காரர் அலறியடித்து ஓடிவந்து எட்டிப் பார்த்தார். தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, "இன்னொரு தடவ குதிக்கட்டுமா?" என்றாள். திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அவர், "சரியான மீன்கொத்திதான்" என்றார். பிறகு வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. கோபம் வரும்போது மட்டும் அம்மா உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

கோபம் என்றால் மகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் சும்மா வராது. அநியாயம் என்று ஒன்று கண்ணில் பட்டால் முதலில் காது சிவக்கும், அப்புறம் குரல் உயராமல் தாழும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவான். அவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஊரில் பாதித் தெருக்களுக்கு அவன் வண்டி போனால்தான் குடத்தில் தண்ணீர்.

மீன்கொத்தி வளர்ந்து, பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். துவைத்துப் பிழிந்து வரும் படுக்கை விரிப்புகளை, சூடான இரட்டை உருளைகளுக்கு நடுவே இருவர் இருவராக நின்று கொடுக்க வேண்டும். ஓரம் மடங்காமல், விரல் உள்ளே போகாமல். எதிர்முனையில் நிற்பவளைப் பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். சலவைக்கூடம் முழுக்க வெளுப்பான் நெடி மூக்கைப் பிய்க்கும். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிவார்கள். மீன்கொத்திக்கு மட்டும் அது பிடித்த வாசனை. குளத்திலும் இதே நெடிதான். காலை ஷிப்ட் முடிந்ததும் நேரே குளத்துக்குப் போய், பொழுது சாயும்வரை மேடையில் ஏறுவதும் குதிப்பதுமாக இருப்பாள். மாநிலப் போட்டிகளில் அவள் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. தேசியப் பதக்கம் வாங்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. வந்துவிடுவாள் என்று குளத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த கோச் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குளத்தை மூடினார்கள். சுத்திகரிப்பு மோட்டார் எரிந்துவிட்டதாம், தரையில் ஓடுகள் பெயர்ந்துவிட்டனவாம். 'பராமரிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று கதவில் ஒரு பலகை தொங்கியது. மழைக்காலம் ஒன்று போய் அடுத்ததும் வந்தது. பலகையில் எழுத்து வெளுத்துப்போனதும் ஒருநாள் ஆள் வந்து அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். குளத்தைத் தொடக்கூட இல்லை.

கோச் அக்கா நகராட்சிச் சம்பளக்காரி. குளம் இல்லாத ஊரில் கோச் எதற்கு என்று அவளை வீட்டுவரிப் பிரிவில் ரப்பர் முத்திரை குத்த உட்கார வைத்தார்கள். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை மட்டும் அவள் கழற்றவில்லை.

மதிய இடைவேளையில் மீன்கொத்தி அங்கே போய் வெடித்தாள். "நான் என்னக்கா பண்றது? கட்டிலுல இருந்து பாயில குதிக்கவா?"

"ஜிம்ல மெத்தை இருக்கு, அதுல உடம்பைச் சுத்திப் பழகு. மிச்சத்தை நினைச்சுப் பழகு" என்றாள் கோச் அக்கா.

"நினைச்சுப் பழகறதா? விளையாடறியா?"

"விளையாடறவங்க எல்லாரும் பண்றதுதான். நீ இத்தனை நாள் தண்ணி இருந்ததால கண்டுக்கல. உக்காரு."

வரிப் பிரிவின் பின்பக்கம், பழைய பீரோக்களுக்கு இடையில் ஒரு பெஞ்சு. மீன்கொத்தி கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

"என்ன தெரியுது?"

"நான் மேடை மேல நிக்கறேன். சிவப்பு நீச்சலுடை போட்டிருக்கேன்."

"உன்னை நீயே எப்படிப் பாக்கற? அது டிவி. உன் கண்ணுக்குள்ள இருந்து பாரு. கால் விரல் தெரியுதா? மேடை சொரசொரன்னு இருக்கா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

சொல்வது எளிது. முதல் சில வாரம் அவளுக்குத் தலைவலிதான் மிச்சம். நின்றால் கால் தெரியும், குதித்தால் எல்லாம் கலைந்துவிடும். நினைப்பில் மேடையிலிருந்து கிளம்பும்போது ஒரு விரலை உயர்த்த வேண்டும், தண்ணீரைத் தொடும்போது மடக்க வேண்டும். கோச் அக்கா கடிகாரத்தை அழுத்துவாள். நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் நினைப்பிலும் ஆக வேண்டும். "நேரத்துக்கு முன்னாடியே நீ தண்ணிக்குள்ள போயிட்ட. பாதிச் சுத்தலை முழுங்கிட்ட. திரும்பப் பண்ணு" என்பாள். வரி கட்ட வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ தியானம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதும் உண்டு.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. வெளுப்பான் நெடியால், சலவைக்கூடத்தில்தான் அது இன்னும் நன்றாக வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மூட்டை கட்டிய விரிப்புகளின் மேல் சாய்ந்து கண்ணை மூடினால், தொட்டி அப்படியே வந்து நிற்கும். முழங்கால் தானாக இறுகும், வயிறு உள்ளே இழுக்கும், தோள் துள்ளும். மேற்பார்வையாளர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"இங்க தூங்கறதுக்கு வர்றியா?"

"அவ எங்க தூங்கறா? குதிச்சிட்டு இருக்கா" என்றாள் பெரியக்கா, வாயில் சோற்றோடு.

அவர் பெரியக்காவையும் சேர்த்து முறைத்துவிட்டுப் போனார். இடைவேளை நேரம் அவளுடைய நேரம். அதில் கண்ணை மூடினால் இவருக்கு என்ன போகிறது என்று மீன்கொத்தி அன்று முழுக்கப் பொருமினாள். விரிப்பு ஒவ்வொன்றையும் உருளைக்குள் அவரையே கொடுப்பதுபோல் கொடுத்தாள்.

குளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று அவளுக்குத் தோன்றியதுதான் வினை. சுவரேறிக் குதித்து உள்ளே போனாள். நீச்சல் பகுதியில் முட்டளவுக்குப் புல். டைவிங் தொட்டி வறண்டு கிடந்தது. அடியில் சருகு, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ எறிந்த சிமெண்டுப் பைகள். அவ்வளவு ஆழம் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் இருந்தவரை அது ஆழமாகத் தெரிந்ததே இல்லை.

மறுநாள் கண்ணை மூடிக் குதித்தாள். கீழே தண்ணீர் இல்லை. அந்த நாற்காலி இருந்தது.

விரலை மடக்காமலேயே கண்ணைத் திறந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது. மறுபடி முயன்றாள், மறுபடி நாற்காலி. வாரக்கணக்கில் இதே கதை. எப்படிக் குதித்தாலும் கடைசியில் ஓடு பெயர்ந்த தரை. சலவைக்கூடத்தில் நின்றபடியே ஒருமுறை திடுக்கிட்டுக் கையை இழுத்ததில் விரிப்பு உருளையில் சுருட்டிக்கொண்டு கிழிந்தது.

"மறுபடியும் விழுந்துட்டியா?" என்றாள் பெரியக்கா. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

வீட்டுக்குப் போய் அண்ணனிடம்தான் கொட்டினாள். "குளத்துல இருந்த தண்ணிய வடிச்சாங்க, சரி. என் மனசுக்குள்ள இருந்ததையும் சேத்து வடிச்சுட்டாங்கண்ணா. இதுக்கு நான் யார்கிட்ட மனு குடுக்கறது?"

அண்ணனுக்கு டைவிங்கும் தெரியாது, நினைப்புப் பயிற்சியும் தெரியாது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "என் வண்டியோட தண்ணிய ஊத்தினா அந்தத் தொட்டியில உனக்குக் கணுக்கால்கூட நனையாது. ஆனா நினைப்புல எத்தன லோடு வேணா அடிக்கலாமில்ல? டீசல் செலவு கிடையாது."

வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் விடுமுறை நாளில் அவளை வண்டியில் ஏற்றி நீரேற்று நிலையத்துக்கே கூட்டிப்போனான். தடித்த குழாயிலிருந்து லாரியின் வயிற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தத்தை அவள் வண்டி மேலேயே நின்று கேட்டாள். முதலில் தகரத்தில் அறைகிற சத்தம், பிறகு கனம் கூடக் கூட அடங்கிய முழக்கம். சாரல் முகத்தில் அடித்தது. மூடியின் வழியே கையை விட்டு அளைந்தாள். அன்று முதல் குதிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி லோடு லோடாகத் தொட்டியை நிரப்பினாள். சருகு மிதந்தது. நாற்காலி கவிழ்ந்து முழுகியது. தண்ணீர் விளிம்பைத் தொட்ட பிறகுதான் மேடையில் ஏறினாள். அந்தக் குதிப்பில் கீழே தண்ணீர் இருந்தது.

தேசியப் போட்டி வேறொரு நகரத்தில் நடந்தது. பழைய மாநிலப் போட்டி மதிப்பெண்களை வைத்து அவளையும் சேர்த்திருந்தார்கள். போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சிக்கு விட்டார்கள். நீல நிறத்தில் தளதளவென்று நின்ற அந்தத் தொட்டியில் மீன்கொத்தி முதலில் கையை விட்டு அளைந்தாள். எத்தனை ஊர்ப் பிள்ளைகள் இதில் தினமும் சாவகாசமாகக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது காது சிவந்தது.

மேடையில் ஏறிக் கிளம்பினாள். உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. எப்போது மடங்க வேண்டும், எந்த இடத்தில் தண்ணீரைத் தேட வேண்டும், எப்போது விரிய வேண்டும் என்று எல்லாம் பீரோக்களுக்கு நடுவே பழகியபடி வந்தது. ஆனால் தண்ணீர் கையை அடித்தபோது கை தாங்கவில்லை. அந்த உயரத்திலிருந்து விழுகிறவளைத் தண்ணீர் சுவர்போலத்தான் வாங்கிக்கொள்ளும். மணிக்கட்டும் தோளும் அந்த அடிக்குத் தினமும் பழகி இறுகியிருக்க வேண்டும். அதை எந்த பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தாலும் பழக முடியாது. வலது மணிக்கட்டு புரண்டது. காதுக்குள் ஊசி ஏறியதுபோல் வலித்தது.

"போதும், பேர வாபஸ் வாங்கிடலாம்" என்றாள் கோச் அக்கா.

"வாங்கினா, தண்ணி இல்லாத ஊர்க்காரங்களுக்கு இங்க என்ன வேலன்னு சொல்லுவாங்க. கட்டு போடுக்கா."

மறுநாள் கட்டோடு குதித்தாள். மூன்றாவதாக வந்தாள். கடைசிக் குதிப்பில் கை விலகித் தண்ணீர் சிதறியது. அது சிதறாமல் இருந்திருந்தால் முதலிடம் என்று நடுவர்களின் பலகையைப் பார்த்தாலே தெரிந்தது. வெண்கலத்தைக் கழுத்தில் போட்டபோது எல்லோரும் சிரிக்கச் சொன்னார்கள். படத்தில் அவள் யாரையோ அடிக்கப்போவதுபோல் நிற்கிறாள்.

ஊருக்குத் திரும்பியபோது செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. 'தண்ணீரே இல்லாமல் பதக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மேற்பார்வையாளரே வந்து கை கொடுத்தார், வீங்கியிருந்த கையைப் பிடித்து. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து அண்ணன் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "உன் மூஞ்சி குளத்துக் கேட்டுல தொங்குது. ஆளுயரப் படம். கண்ண மூடிட்டு இருக்க. பாத்தா செத்துப்போனவங்களுக்கு வச்ச படம் மாதிரி இருக்கு. நான் பயந்தே போயிட்டேன்."

போய்ப் பார்த்தாள். படத்துக்கு மேலே 'மனமே மேடை, மனமே குளம்' என்று எழுதியிருந்தது. கீழே விவரம்: குளம் இருந்த இடத்தில் கார் நிறுத்தும் வளாகமும், அதன் மாடியில் குளிரூட்டப்பட்ட மனப்பயிற்சி மையமும் கட்டப்படும். அடிக்கல் நாட்டுபவர் நகராட்சித் தலைவர். சிறப்பு விருந்தினர் அவள்.

கோச் அக்காவை இழுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். "வாம்மா வா. உன்னாலதான் இந்த யோசனையே வந்துச்சு."

"ஐயா, எங்களுக்கு வேண்டியது குளம்."

"அதான், குளம் இல்லாமலேயே முடியும்னு நீயே காட்டிட்டியே. மூணாவது எடம் என்ன சாதாரணமா?"

"தண்ணி இருந்திருந்தா முதல் எடம். இந்தக் கையும் போயிருக்காது."

"அடுத்த தடவ இன்னும் நல்லா நினைச்சுப் பழகு. கை போகாது" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நம்பிச் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தாள். கோச் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "நீ ஏன்க்கா வாயே தொறக்கல?"

"நான் அவர் ஆபீஸ்ல வேலை பாக்கறவடி."

"நீ கோச்சுன்னு நினைச்சேன்" என்றாள் மீன்கொத்தி. குரல் தாழ்ந்திருந்தது. பிறகு விழா நாள்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

விழாவன்று காலை வறண்ட தொட்டிக்குப் பக்கத்திலேயே பந்தல். நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்பு நீச்சல் பழகிய பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் பேசினார். மனம்தான் எல்லாம் என்றார், தண்ணீர் வெறும் துணைதான் என்றார். கைதட்டல் கேட்டது. பிறகு மீன்கொத்தியைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கைப் பிடித்து, "நான் குளம் இல்லாம ஜெயிக்கல. குளம் இல்லாததால தோத்தேன்" என்று ஆரம்பித்தாள். அடுத்த வாக்கியத்துக்குள் மைக் செத்துவிட்டது. யாரோ வயரைப் பிடுங்கியிருந்தார்கள். நாதஸ்வரம்போல் பீப்பீ என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. சிலர் சிரித்தார்கள்.

அவள் மைக்கை மேசையில் வைத்தாள். இறங்கி, பந்தலைத் தாண்டி, டைவிங் மேடையின் ஏணியில் ஏற ஆரம்பித்தாள். துரு கையில் ஒட்டியது. படம் எடுக்கத்தான் ஏறுகிறாள் என்று நினைத்து ஒருவர் கேமராவைத் தூக்கினார். உச்சி மேடையின் விளிம்புக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். குதிக்கிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக உயரத்தைப் பார்த்துப் பயந்தாள். அந்த நாற்காலி இன்னும் கீழே கிடந்தது.

பந்தலே எழுந்து நின்றது. அண்ணன் கத்தினான். "ஏய், இறங்குடி. அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பயப்படாதண்ணா, குதிக்க மாட்டேன்" என்றாள். வெறும் தொட்டியில் குரல் மோதி, மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டது. அது அவளுக்கே ஆச்சரியம். தொடர்ந்தாள். "தலைவரய்யா, நீங்க ஏன் வேர்க்கறீங்க? தண்ணி வெறும் துணைன்னீங்களே. கீழ தண்ணி இருக்கறதா நினைச்சுக்கோங்க. மேல வாங்க, சேந்து நினைக்கலாம்."

தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"நான் நினைச்சுப் பழகினது நிஜம். அது நல்ல பயிற்சி, நான் பொய்னு சொல்லல. ஆனா நினைக்கறதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா இந்தத் தண்ணியில விழுந்திருக்கேன். அதைத்தான் திரும்ப நினைச்சேன். இங்க உக்காந்திருக்கற பிள்ளைங்க இந்த மேடையில இருந்து ஒரு தடவகூடக் குதிச்சதில்ல. அவங்க எதை நினைப்பாங்க? கார் பார்க்கிங்கையா?"

கேட்டில் தொங்கிய படத்தைக் கையால் காட்டினாள்.

"என்னைக் கேக்காம என் படத்த மாட்டினீங்க. அதைக் கழட்டுங்க. கழட்டினா இறங்கறேன்."

ஊழியர்கள் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள், தலைவர் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்தார், போலீஸ்காரர் ஏணியைப் பார்த்தார். அப்போது கூட்டத்திலிருந்து கோச் அக்கா வந்தாள். ரிப்பன் வெட்ட வைத்திருந்த தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு ஏறி, படத்தின் கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். படம் மடங்கி விழுந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, கத்தரிக்கோலைத் தட்டிலேயே ஒழுங்காக வைத்தாள்.

மீன்கொத்தி இறங்கி வந்தாள். அண்ணன் அவளைத் திட்டிக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. பொது நிகழ்ச்சிக்கு இடையூறு என்று காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சலவைக்கூடத்திலிருந்து கொஞ்ச காலம் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். பெரியக்கா, எதிர்முனையில் வேறு ஆளை நிறுத்தினால் விரிப்பைக் கோணலாகத்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்து, சொன்னபடியே கோணலாகக் கொடுத்து, அவளைத் திரும்பக் கூப்பிட வைத்தாள். கோச் அக்காவை வரிப் பிரிவிலிருந்து ஊர்க்கோடியில் இருந்த இறப்புப் பதிவு அலுவலகத்துக்குத் தூக்கியடித்தார்கள். அங்கேயும் பின்பக்கம் ஒரு பெஞ்சு இருக்கிறது என்று அவள் போனில் சொன்னாள். அதுதான் அவர்கள் சமாதானமான விதம்.

கார் நிறுத்தும் வளாகம் வரவில்லை. அன்று பந்தலில் இருந்த பெற்றோர் விடவில்லை. நகராட்சி வாசலில் பிள்ளைகளை நீச்சலுடையோடு கொண்டுபோய் நிறுத்தினார்கள். மறு கோடையில் நீச்சல் பகுதியை மட்டும் திறந்தார்கள். டைவிங் தொட்டியின் மேல் கம்பிவலை போட்டு மூடிவிட்டார்கள். தற்காலிகமாகத்தான் என்று சொல்கிறார்கள்.

மீன்கொத்தி இப்போது விடுமுறை நாட்களில் பஸ் ஏறி வேறு நகரத்துக்குப் போய்க் குதித்துவிட்டு வருகிறாள். போகும் வழியெல்லாம் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மணிக்கட்டு மெல்ல இறுகி வருகிறது. அடுத்த போட்டியில் இரண்டாவதாக வந்தாள். ஒரு நிருபர் மைக்கை நீட்டி, "எல்லாம் மனசுலயே பழகினதுதானே?" என்று கேட்டார்.

"தண்ணியில பழகினேன், மனசுலயும் பழகினேன். நான் சொன்ன வரிசையிலயே எழுதுங்க."

மறுநாள் பத்திரிகையில் மனசு மட்டும்தான் வந்திருந்தது. மீன்கொத்தி அதைப் படித்து முடித்துவிட்டு, அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து, மிக மெதுவான குரலில் பேச ஆரம்பித்தாள். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.